ஓஃப் பண்ணியாச்சு

லெப்டொப் ஆடத் தொடங்கியபோது முதலில் மேசையைத்தான் சந்தேகப்பட்டேன். குண்டசாலையில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் மேல்மாடி அறையில் தரை சமமில்லை, மேசைக்கும் ஒரு கால் கட்டை. கடதாசியை மடித்துக் காலுக்கடியில் செருகினேன். ஆட்டம் நிற்கவில்லை. பிறகு விசைப்பலகைக்குக் கீழே விரலால் தேய்க்கும் சதுரம் அழுத்தினால் கீழே இறங்க மறுத்தது. உள்ளே இருந்து யாரோ எதிர்த்துத் தள்ளுவது போலிருந்தது. அணைத்து, மூடி, கவிழ்த்துப் பார்த்தேன். அடிமூடி நடுவில் வயிறு வைத்திருந்தது.

அம்மா அடுப்படியில் இருந்தபடியே கேட்டாள்.

"என்னாடா, பொரட்டிப் பொரட்டிப் பாக்குற?"

"உள்ள பெட்டரி ஊதியிருக்கும்மா."

"ஊதியிருக்குன்னா?"

"வீங்கியிருக்கு."

அகப்பையோடு வந்து எட்டி நின்று பார்த்தாள். அவளுக்கு வீக்கம் தெரியும். கொழுந்து பறித்த காலத்தில் கால் வீங்கும், அட்டை கடித்த இடம் வீங்கும். கரண்ட் சாமான் ஒன்று வீங்கும் என்பதை அவள் அன்றுதான் கண்டாள்.

"வெடிக்குமா?"

"இப்படியே வெச்சிருந்தா ஏதாவது ஆகலாம். கழட்டி எடுத்துட்டா ஒண்ணும் ஆகாது."

"நீ கழட்ட வேணாம்" என்றாள். அவ்வளவுதான். திரும்பிப் போய்விட்டாள். அன்று முழுக்க அந்த மேசை இருந்த பக்கம் அவள் வரவில்லை.

அம்மா சுவிச்சைக் கையால் தொடமாட்டாள். அகப்பைக் காம்பால்தான் அழுத்துவாள். காம்பு காய்ந்திருக்கிறதா என்று முந்தானையில் ஒரு தரம் துடைத்துப் பார்த்துவிட்டுத்தான் அழுத்துவாள். வீட்டுக்குள்ளும் நான் ரப்பர் செருப்புப் போட்டிருக்க வேண்டும். மழைக்காலத்தில் போனைச் சார்ஜில் போட்டபடி பேசினால் பேசி முடியும்வரை கதவருகே நின்றுகொண்டிருப்பாள். கீழே இருக்கும் வீட்டுக்கார அம்மாவுக்கு இது சிரிப்பு. அவர் சிங்களத்தில் ஏதாவது சொல்லுவார், அம்மாவும் சிரிப்பாள். காம்பை மட்டும் கீழே வைக்கமாட்டாள்.

என் அண்ணன் கரண்ட் அடித்துச் செத்தான்.

வத்தேகமைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீட்டில் எங்களுக்கிருந்த ஒற்றை அறைக் காம்பிராவில் நடந்தது. அப்பா நான் சின்ன வகுப்பில் இருக்கும்போதே போய்விட்டார். அண்ணன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வேலைக்குப் போனான். தோட்டத்தில் தண்ணீர்க் கான் வெட்டினான், தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டப் போனான், பிறகு டவுனில் மூட்டை தூக்கினான். நான் படித்தேன். எங்கள் குடும்பத்தில் கம்பஸ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். இதைச் சொல்லும்போது மற்றவர்களுக்குப் பெருமையாக இருக்கும், எனக்கு அண்ணனின் தோள்தான் ஞாபகம் வரும்.

அது நடந்தபோது நான் ஹொஸ்டலில் இருந்தேன். சாமித் தட்டுக்கு மேலே இருந்த பல்பு எரியவில்லை என்று அதன் கம்பியை மாற்ற அண்ணன் கதிரையில் ஏறியிருக்கிறான். மெயின் சுவிச்சை ஓஃப் பண்ணிவிட்டுத்தான் ஏறியிருக்கிறான். ஆனாலும் கம்பியில் கரண்ட் இருந்தது. அது எங்கள் கரண்ட் அல்ல. பல வருடங்களுக்கு முன்னால் லயத்தில் எங்கள் காம்பிராவுக்கு மட்டும் மீற்றர் வந்திருந்த காலத்தில், பக்கத்துக் காம்பிராவில் பிள்ளைகள் படிக்கட்டும் என்று கூரைக்குள்ளால் ஒரு கம்பி இழுத்துக் கொடுத்திருந்தோம். பிறகு அவர்களுக்கும் மீற்றர் வந்தது. அந்தப் பழைய கம்பியை வெட்டிவிட யாருக்கும் தோன்றவில்லை. நாங்கள் கொடுத்த கம்பியிலேயே அவர்கள் வீட்டுக் கரண்ட் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்து நின்றது. எங்கள் மெயின் ஓஃப்பில் இருந்தாலும் அதைத் தடுக்க அங்கே ஒன்றும் இல்லை.

இதையெல்லாம் பிறகு தோட்டத்து மின்சார வேலையாள் வந்து, கூரைத் தகரத்தைத் தூக்கிப் பார்த்துச் சொன்னது. பக்கத்துக் காம்பிராக்காரர்கள் எங்கள் காலில் விழுந்து அழுதார்கள். அவர்களை எப்படித் திட்டுவது? அந்தக் கம்பியைக் கொடுத்தது நாங்கள்.

"அவனே ஓஃப் பண்ணினான், அவனே ஏறினான்." பொலிசிலும் மரண விசாரணையிலும் எங்கள் ஆட்களிடமும் அம்மா சொன்னது இது ஒன்றுதான். நானும் அதையே நம்பியிருந்தேன்.

படிப்பு முடிந்து வேலை கிடைத்ததும் அம்மாவை அந்தக் காம்பிராவிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தேன். கொழும்பில் உள்ள ஒரு கம்பனிக்கு வீட்டிலிருந்தே தமிழ்ப் பக்கங்களைச் சரிபார்க்கும் வேலை. எழுத்து உடைகிறதா, பொருள் பிழைக்கிறதா என்று பார்த்துத் திருத்தி அனுப்ப வேண்டும். வேலைக்கு வேண்டியது ஒரு லெப்டொப்பும் கரண்டும். அம்மாவுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. மிஞ்சியிருந்த ஒரு மகன் காலையிலிருந்து சாயந்திரம்வரை கரண்ட் சாமான் ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் பின்னால் நின்று அதைக் காவல் காத்தாள்.

ஊதிய பெட்டரியோடு முதலில் கடைக்குத்தான் போனேன். கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்துச் சந்தொன்றில் உள்ள சின்னக் கடை. முதலாளி லெப்டொப்பைக் கவிழ்த்தார், அடியில் இருந்த வயிற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இதப் பஸ்ஸிலயா மகன் கொண்டு வந்தீங்க?"

"ஓமுங்க."

"நல்ல தைரியம்." பிறகு அடிமூடியின் சல்லடைத் துளைகளைச் சுற்றி வெள்ளையாகத் தீற்றியிருந்ததை விரலால் தொட்டுப் பார்த்தார். "இது என்ன, கம்பியூட்டரா கோயிலா?"

"சரஸ்வதி பூசைக்குச் சாமித் தட்டுல வெச்சது" என்றேன். வெட்கமாக இருந்தது. சரஸ்வதி பூசைக்கு லெப்டொப்பைப் புத்தகங்களோடு வைத்துத் திருநீறும் சந்தனமும் வைப்போம், உண்மைதான். அந்தப் பூசை போய்ப் பல மாதம் ஆகியிருந்ததை நான் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

போன் கண்ணாடி மாற்றக் காத்திருந்த ஒருவர் எட்டிப் பார்த்தார். "ஊசியால ஒரு குத்து குத்தினாப் போதும் தம்பி, காத்துப் போய்ச் சப்பையாயிரும்."

"குத்துங்க, குத்துங்க" என்றார் முதலாளி. "ஆனா உங்கட வீட்டுல வெச்சுக் குத்துங்க. என்ட கடைக்கு இன்ஸூரன்ஸ் இல்ல."

கடையில் மெஷின் திறக்கிற ஆள் கலியாண வீட்டுக்குப் போயிருந்தார். "நான் விக்கிற ஆள் மகன், தொறக்கிற ஆள் அவர். செவ்வாக்கிழம வாங்க. பெட்டரியும் கொழும்பிலேந்து எடுக்கோணும். அதுவரைக்கும் சார்ஜில போட வேணாம், மெத்தையில வைக்க வேணாம்."

திங்கட்கிழமை காலையில் எனக்கு வேலை. வேலைக்குச் சேர்ந்து நிரந்தரமாகாத நேரம். முச்சக்கர வண்டி பிடித்து, லெப்டொப்பை மடியில் வைக்கப் பயந்து காலடியில் வைத்துக்கொண்டு திரும்பினேன். வரும் வழியிலேயே முடிவு செய்துவிட்டேன். நானே கழற்றுவேன். பெட்டரி இல்லாமலும் அது பிளக்கில் ஓடும். அந்த மொடலைத் திறக்கும் முறையை அதைச் செய்த கம்பனியே படத்தோடு இணையத்தில் போட்டிருந்தது. இரண்டு தரம் படித்தேன். சின்ன வயதில் பாடம் படித்தது போலவே, உதடு அசைய.

ஞாயிற்றுக்கிழமை காலை வெளிச்சத்தில் ஜன்னலோரம் மேசையை இழுத்துப் போட்டேன். மேசைமேல் இருந்த பிளாஸ்டிக் விரிப்பை எடுத்துவிட்டேன். கடையில் வாங்கிய சின்ன ஸ்குரூ ட்ரைவர், காது துடைக்கும் பஞ்சுக் குச்சி, பெயின்ட் தூரிகை ஒன்று, அடிமூடியை நெம்ப ஒரு பழைய போன் ரீலோட் கார்ட். இரும்பால் நெம்பக் கூடாது. பெட்டரியைப் போடுவதற்குக் காய்ந்த மணல் வேண்டும் என்றபோதுதான் அம்மா வாயைத் திறந்தாள்.

"மணல் எதுக்கு?"

"கழட்டினதும் அதுல வைக்கத்தான். ஏதாவது ஆனாலும் மணலுக்குள்ள அடங்கிரும்."

கீழே போனாள். பக்கத்துக் காணியில் வீடு கட்டுகிறவர்களிடம் கேட்டு ஒரு பெயின்ட் வாளியில் பாதி மணல் கொண்டுவந்தாள். ஈரமாக இருக்குமோ என்று அடுப்பில் தாச்சியை வைத்து வறுத்தாள். மணலை வறுக்கும் சத்தம் எங்கள் அறை முழுக்கக் கேட்டது. சூடு ஆறும்வரை காத்திருந்தோம். பிறகு என் காலைப் பார்த்தாள். செருப்பு இருந்தது.

"ஓஃப் பண்ணியாச்சும்மா" என்றேன். "பிளக்கும் கழட்டியாச்சு. பாரு, வயர் அங்க கெடக்கு."

அவள் முகம் மாறியது. "அந்த வார்த்தையச் சொல்லாத."

"எந்த வார்த்த?"

"தொடங்குறதுன்னாத் தொடங்கு. சொல்லாத."

அண்ணனை நினைத்துவிட்டாள் என்று எண்ணிக்கொண்டேன். நினைக்காத நாள் ஏது? நான் குனிந்துகொண்டேன்.

ஸ்குரூக்கள் எல்லாம் ஒரே அளவு அல்ல. பின்பக்கம் இருந்தவை நீளம், முன்பக்கம் கட்டை. மாற்றிப் போட்டால் நீளமானது மேலே துளைத்துவிடும் என்று படித்திருந்ததால், ஒரு கடதாசியில் லெப்டொப்பின் அடியை வரைந்து, கழற்றிய ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் செலோடேப் வைத்து ஒட்டினேன். ஒன்று மட்டும் ரப்பர்க் காலுக்கு உள்ளே ஒளிந்திருந்தது. அதைத் தெரியாமல் மூடியை இழுத்திருந்தால் உடைந்திருக்கும். கார்டை ஓரத்தில் செருகி மெதுவாக நகர்த்தினேன். கொக்கிகள் ஒவ்வொன்றாக டக், டக் என்று விட்டன. ஒவ்வொரு டக்குக்கும் அம்மாவின் மூச்சு பின்னால் நின்று நின்று வந்தது.

"தள்ளி நில்லும்மா."

"தள்ளித்தான் நிக்கிறேன்."

அவள் மூச்சு என் கழுத்தில் பட்டது.

மூடி வந்தது. பெட்டரி தலையணை மாதிரி உப்பிக் கிடந்தது. நகப்பூச்சுப் போல இனிப்பான ஒரு வாடை லேசாக வந்தது. ஜன்னலை முழுசாகத் திறந்தேன். முதல் வேலை பெட்டரியின் வயரை போர்டிலிருந்து விடுவிப்பது. வேறு எதையும் அதற்கு முன்னால் தொடக் கூடாது. நகத்தாலும் கார்டின் நுனியாலும் இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சமாக அசைத்தேன். வயரைப் பிடித்து இழுக்கவில்லை. கழன்றது. பிறகு ஓன் பண்ணும் பட்டனைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தேன்.

"ஏன் அத அமுக்குற? ஓன் ஆயிரும்டா!"

"ஆகாதும்மா. உள்ள எங்கயாவது மிச்சம் தங்கியிருந்தா அதுவும் போயிரும்."

"மிச்சமா?" என்றாள். "பிளக்கக் கழட்டினதுக்கு அப்பறமும் உள்ள இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா. நாம ஓஃப் பண்றது வெளியிலேந்து வர்ற கரண்ட மட்டும்தான். இதுக்குள்ள இதுக்குன்னு ஒண்ணு இருக்குல்ல. இப்பத்தான் உண்மையா ஓஃப்."

எனக்கு உற்சாகமாக இருந்தது. சரியாக விளக்கிவிட்டேன் என்று நினைத்தேன்.

நல்ல வேளை, அந்த மொடலில் பெட்டரி பசை போட்டு ஒட்டியதல்ல. நான்கு மூலையிலும் ஸ்குரூதான். வளைக்காமல், அமுக்காமல், இரண்டு கையாலும் கைக்குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கி வாளி மணலுக்குள் வைத்து, மேலே மீதி மணலைக் கொட்டினேன். வாளியைக் கீழே கொண்டுபோய், வேலியோரம் இருந்த கொங்கிறீட் பலகை மேல் வைத்தேன். கூரைக்குத் தூரம், மரத்துக்கும் தூரம். வீட்டுக்கார அம்மா வந்து, இது என்ன மகன், மணலில் செடி நடப் போகிறாயா என்று கேட்டார். சொன்னேன். அவர் தன் நாயைக் கட்டிப் போட்டார்.

மேலே வந்தபோது அம்மா மேசைக்கு மிக அருகில் நின்றுகொண்டிருந்தாள். பெட்டரி போய்விட்டதால் பயம் விட்டுவிட்டது என்று எண்ணிச் சந்தோஷப்பட்டேன். "வா, வந்து பாரு. இதுதான் ஃபேன். இதுதான் உள்சூட்ட வெளிய தள்றது" என்று காட்டினேன்.

ஃபேன் சுற்றவில்லை. விரலால் தள்ளியும் சுற்றவில்லை. தகடுகளுக்கு இடையில் சாம்பல் நிறத்தில் ஏதோ இறுகிப் போயிருந்தது. வீட்டுத் தூசி பஞ்சு மாதிரி வரும். இது பஞ்சு அல்ல. தூரிகையால் தட்டினால் பொடியாகக் கொட்டியது, சில இடத்தில் காய்ந்த களிம்பாக ஒட்டியிருந்தது. ஒரு தகட்டின் ஓரத்தில் சிவப்புப் புள்ளி. பஞ்சுக் குச்சியால் சுரண்டி எடுத்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு வாசனை தெரிந்துவிட்டது. சந்தன வாசனை. குச்சியைச் சட்டென்று கடதாசிக்குக் கீழே வைத்தேன்.

"என்னா அது வெள்ளையா?"

"தூசிம்மா."

அவள் கடதாசியைத் தூக்கிக் குச்சியை எடுத்தாள். மூக்கருகே கொண்டுபோனாள்.

"இது திருநீறு."

"சரஸ்வதி பூசைக்கு வெச்சது. கொஞ்சம் உள்ள போயிருக்கு."

"இல்ல" என்றாள்.

நான் குளிக்கப் போகும் நேரத்தில், ஒவ்வொரு நாள் காலையிலும், அவள் அந்த லெப்டொப்பைக் கவிழ்த்து அதன் அடியில் திருநீறு பூசியிருக்கிறாள். மேலே பூசினால் நான் துடைத்துவிடுவேன், திட்டுவேன். அதனால் அடியில். அடியிலும், அந்தச் சல்லடைத் துளைகள் இருந்த இடத்தில்.

"அந்த எடத்துல கை வெச்சா காத்து இழுக்குது. அதான் மூக்குன்னு நெனச்சேன்" என்றாள். "மூச்சுல போனா உள்ள வரைக்கும் போகும். உள்ளதான் கரண்ட் இருக்கு. உனக்கு ஒண்ணும் செய்யக் கூடாதுன்னு…"

வெள்ளிக்கிழமைகளில் சந்தனமும் குங்குமமும் குழைத்துப் பூசியிருக்கிறாள்.

அவள் கணக்கில் பிழை இல்லை. அது மூக்குத்தான். அங்கேதான் காற்று உள்ளே போகிறது. மூக்கு அடைத்து, ஃபேன் நின்று, சூடு வெளியேற வழியில்லாமல் பெட்டரிக்குப் பக்கத்திலேயே தங்கியிருக்கிறது. நான் அதைச் சொல்லவில்லை. பெட்டரி பழையது, நான் வாங்கியதே இரண்டாங்கை மெஷின், எப்படியும் ஒரு நாள் ஊதியிருக்கும் என்றேன். அது பொய்யும் அல்ல. எதனால் ஊதியது என்று என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியாது.

"சூட்டுல ஊதுமா, ஊதாதா? அத மட்டும் சொல்லு."

"சூடும் ஒரு காரணம்தான். ஆனா…"

"அப்ப இதுவும் என் கையாலதான்."

'இதுவும்' என்ற சொல்லை முதலில் நான் கேட்டும் கேட்காதவனாக இருந்தேன். தூரிகையை எடுத்து ஃபேனைத் துடைக்கத் தொடங்கினேன். பிறகு கை நின்றுவிட்டது.

"இதுவும்னா?"

அம்மா கட்டிலில் உட்கார்ந்தாள். பஞ்சுக் குச்சி இன்னும் கையில் இருந்தது.

"அண்ணன் ஓஃப் பண்ணல" என்றாள். "அவன் கதிரையில ஏறி நின்னுட்டான். மெயின் கதவுக்குப் பக்கத்துல. எறங்க அலுப்பா இருந்துச்சு போல. அம்மா, அத ஓஃப் பண்ணும்மான்னான். நான்தான் எக்கி ஓஃப் பண்ணுனேன். பண்ணிட்டியான்னு கேட்டான். பண்ணியாச்சுடா, நீ கைய வைன்னு சொன்னேன்."

கீழே நாய் குரைத்துக்கொண்டிருந்தது. கட்டிப் போட்டது அதற்குப் பிடிக்கவில்லை.

"நான் மாத்தி அமுக்கிட்டேன்" என்றாள். "எது மேல, எது கீழன்னு எனக்கு என்னா தெரியும்? மாத்தித்தான் அமுக்கியிருப்பேன். அந்தக் கரண்டு வேலையாள் வந்து பக்கத்து வீட்டுக் கம்பி, அதுஇதுன்னு சொன்னதெல்லாம் என் மனசத் தேத்தத்தான்னு எனக்குத் தெரியும். பொலிஸ்ல அவனே ஓஃப் பண்ணினான்னு சொன்னேன். இல்லன்னா என்னப் புடிச்சுட்டுப் போயிருவாங்க, நீ படிக்க முடியாதுன்னு பயம்."

இத்தனை வருடமும் அவள் இப்படி நம்பிக்கொண்டிருந்திருக்கிறாள். மகனிடமும் சொல்லாமல். அந்தப் பழைய கம்பியின் கதையை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். கம்பஸில் நண்பர்களிடம் வரைந்தே காட்டியிருக்கிறேன். அம்மாவுக்கு ஒரு நாளும் உட்கார்ந்து விளக்கியதில்லை. அவளுக்கு அது தெரியும் என்று நினைத்தேன். அல்லது அவளுக்குப் புரியாது என்று நினைத்தேன்.

அப்போது விளக்கினேன். திறந்து கிடந்த லெப்டொப்பை அவளுக்கு நேரே திருப்பி வைத்தேன்.

"இப்ப நான் இத ஓஃப் பண்ணினேன்ல. பிளக்கையும் கழட்டினேன்ல. நீயே பாத்த. ஆனா உள்ள கரண்ட் இருந்துச்சு. நான் மாத்தி அமுக்கினேனா? இல்லையே. வேற எடத்துலேந்து அதுக்குக் கரண்ட் இருந்துச்சு. அதே மாதிரிதாம்மா. மெயின் ஓஃப்லதான் இருந்துச்சு. பொலிஸும் பாத்தாங்க, வேலையாளும் பாத்தான், எழுதியும் வெச்சிருக்காங்க. நீ சரியாத்தான் அமுக்கின. பக்கத்துக் காம்பிராக் கம்பியிலேந்து வந்துச்சு."

அவள் பெட்டரி இருந்த காலி இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீளச் சதுரமாக ஒரு பள்ளம், நான்கு மூலையில் ஸ்குரூத் துளைகள்.

"அப்ப நான் சரியாத்தான் பண்ணுனேனா?"

"சரியாத்தாம்மா பண்ணுன."

"சத்தியமா?"

"சத்தியமா."

அழுவாள் என்று எதிர்பார்த்தேன். பாரம் இறங்கும் என்று எதிர்பார்த்தேன். நான் படித்ததற்கு அன்றைக்கு ஒரு பயன் கிடைத்துவிட்டது என்றுகூட ஒரு கணம் மனதுக்குள் வந்துபோனது. மறைக்க விரும்பவில்லை.

"சரியாப் பண்ணியும் செத்துட்டானே" என்றாள். "தப்பாப் பண்ணிட்டேன்னு இருந்தேன். அத வெச்சு அழுதுட்டு இருந்தேன். இனிமே எதச் சொல்லி அழுவேன்?"

நான் ஃபேனைத் துடைத்தேன். தகடு தகடாக, பஞ்சுக் குச்சியைத் தண்ணீரில் நனைக்காமல், காய்ந்ததைச் சுரண்டிச் சுரண்டி. நீண்ட நேரம் எடுத்தது. திருநீறு கடதாசியில் சிறு குவியலாகச் சேர்ந்தது. அதைக் குப்பையில் போடுவதா என்று தெரியாமல் அம்மாவைப் பார்த்தேன். அவள் வந்து கடதாசியை மடித்து எடுத்துக்கொண்டு போய், முற்றத்துச் செம்பருத்தியின் அடியில் கொட்டிவிட்டு வந்தாள்.

வரைந்து வைத்த கடதாசியைப் பார்த்து ஸ்குரூக்களை அதனதன் இடத்தில் போட்டேன். ஒன்றும் மிஞ்சவில்லை. மூடியை ஓரமோரமாக அழுத்தினேன். பிளக்கைக் குத்துமுன் அம்மா எங்கே என்று பார்த்தேன். வழக்கமாக இந்த நேரத்தில் கதவருகே நிற்பாள். அடுப்படியில் எனக்கு முதுகைக் காட்டி அரிசி களைந்துகொண்டிருந்தாள். ஓன் பண்ணினேன். பெட்டரி இல்லை என்று எழுத்து வந்தது, பிறகு திரை வெளிச்சமானது. ஃபேன் சுற்றும் சத்தமே கேட்கவில்லை, அவ்வளவு லேசாகச் சுற்றியது. "ஓடுதும்மா" என்றேன். "ம்" என்றாள்.

திங்கட்கிழமை வேலை நடந்தது. நடுவில் கரண்ட் போனபோது லெப்டொப் சட்டென்று செத்துப்போனது, செய்த வேலையில் கொஞ்சம் அழிந்தது, கம்பனிக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். அதெல்லாம் பெரிய விஷயம் இல்லை. புதுப் பெட்டரி வந்ததும் கடை முதலாளி வாளியோடு பழையதையும் வாங்கி வைத்துக்கொண்டார், அப்படியானதை எடுக்க ஆள் வருமாம். "மணல வறுத்தீக்கிறீங்க போல மகன். உப்பும் போட்டீங்களா?" என்றார். நானும் சிரித்தேன்.

நான் சொல்ல வந்தது அந்தத் திங்கட்கிழமைக் காலையைப் பற்றி. குளித்துவிட்டு வந்தேன். லெப்டொப் நான் வைத்தபடியே இருந்தது, யாரும் கவிழ்க்கவில்லை. வேலைக்கு உட்காருமுன் அம்மா எனக்குத் திருநீறு பூசிவிடுவது வழக்கம். சின்ன வயதிலிருந்தே அப்படி. பரீட்சைக்குப் போன நாளெல்லாம் அப்படி. அவள் முன்னால் போய்த் தலையைக் குனிந்து நின்றேன். அவள் கை வரவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். திருநீற்றுக் கிண்ணத்தைச் சாமித் தட்டிலிருந்து எடுத்து மேசை ஓரத்தில் வைத்துவிட்டு, கைகளை முந்தானைக்குள் சுற்றிக்கொண்டு ஒதுங்கி நின்றாள்.

"நீயே பூசிக்க, சாமி."

"ஏம்மா? நீ பூசிவிடு."

"வேணாம். என் கை வேணாம்."

நேற்று நான் சொன்னதெல்லாம் என்ன ஆயிற்று என்று கேட்க வாயெடுத்தேன். சரியாகத்தானே செய்தாய், சத்தியம் செய்தேனே என்று மறுபடி தொடங்கியிருப்பேன். அவள் முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டேன். அவள் என்னை நம்பியிருந்தாள். நான் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் நம்பியிருந்தாள். பிழையில்லாமல் செய்த கையாலும் ஆள் செத்துப்போகும் என்றால், அப்புறம் அந்தக் கையை எங்கே வைப்பது?

கிண்ணத்தில் விரலை வைத்து நானே பூசிக்கொண்டேன். எங்கள் அறையில் அந்தப் பக்கம் கண்ணாடி இல்லை. கோணலாகத்தான் பூசியிருக்க வேண்டும். அம்மா என் நெற்றியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். சரிசெய்ய வரவில்லை.